சார்ஜ் எடுக்க ஆளில்லை

ஆங்கிலத்தில் எனக்கு ஆகாத சொல் ஒன்று உண்டென்றால் அது 'சார்ஜ்'தான். ஒரு சொல்லுக்கு நாலைந்து அர்த்தம் இருப்பது ஒன்றும் புதிதில்லை. நம் மொழியிலும் உண்டு. ஆனால் இந்தச் சொல் போகிற வீட்டிலெல்லாம் உரிமையோடு நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் சார்ஜ் கேட்பார். பஞ்சாயத்து ரேடியோ வாயடைத்துப்போனால் அதன் பாட்டரியை வண்டியில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குச் சார்ஜ் போட அனுப்புவார்கள். பத்திரிகையைப் பிரித்தால் எங்கோ ஓர் ஊர்வலத்தில் லத்தி சார்ஜ். வரப்புத் தகராறில் மண்டை உடைந்தால் போலீஸ் சார்ஜ் ஷீட் போடும். இதையெல்லாம் மன்னித்துவிடலாம். பள்ளிக்கூட ஆபீஸில் அதற்கு இருந்த அர்த்தத்தை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷம் கழித்து, ஐம்பதுகளின் நடுவில், திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் எனக்கு வேலை கிடைத்தது. ஓராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியையும் நான்தான், ஒன்றாம் வகுப்பு டீச்சரும் நான்தான், மணி அடிப்பவளும் நான்தான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து செம்மண் பொட்டலில் நடந்து, கண்மாய்க் கரையேறி இறங்கினால் ஊர் வரும். ஒரு வீட்டின் பின்பக்கத்தில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். என் மகள் ஒரு வயதில் காய்ச்சல் வந்து பிழைத்தது அந்த அறையில்தான். டாக்டரைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு ஓடினேன். நான் பாடம் நடத்தும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. கணவருக்குப் பொன்மலையில் ரயில் வேலை. அவராலும் வைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் ஆவூரில் மாமனார் வீட்டில், நாத்தனாரிடம் பிள்ளையை விட்டோம்.

நாத்தனார் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கணவனை இழந்து தாய்வீட்டுக்குத் திரும்பியவர். பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். குறை சொல்ல எதுவுமே இல்லை. அதுவே எனக்குக் குறையாக இருந்தது. முடிந்த வாரங்களில் சனிக்கிழமை கிளம்பி, புதுக்கோட்டையில் பஸ் மாறி ஆவூர் போய்ச் சேருவேன். ஞாயிறு சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன். அந்த பஸ் என்றைக்காவது வராமல் போகக்கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் வேண்டிக்கொள்வேன். மற்ற நாளெல்லாம் தாமதமாக வரும் பஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரத்துக்கு வந்து நிற்கும்.

மகளுக்கு நாலு வயது நெருங்கும்போது மாற்றல் ஆர்டர் வந்தது. ஆவூரிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய பள்ளிக்கூடம். அன்று பிள்ளைகளுக்கெல்லாம் பொரிகடலை வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் ஆர்டரின் கடைசி வரி கண்ணில் பட்டது. பள்ளியின் சார்ஜை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புதிய இடத்தில் சேர வேண்டும் என்று இருந்தது. உரியவர் யார்? அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை விட்டால் கரும்பலகைதான் இருந்தது.

கல்வி இலாகா டிப்டி இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். புது ஆள் வந்து சார்ஜ் எடுத்தவுடன் தாராளமாகக் கிளம்பலாம் என்றார். ஆள் எப்போது வருவார் என்று கேட்டேன். வருவார் என்றார். அந்த ஊருக்குப் போட்டவர்களெல்லாம் யார் யாரையோ பிடித்து வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார்கள். எனக்குப் பிடிக்க யாரும் இல்லை. மறுபடி போனேன், அதற்கப்புறமும் போனேன். ஒருநாள் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்படி என்ன டீச்சர் அவசரம் ஒங்களுக்கு?" என்றார்.

"எம்புள்ள என்னைய மறந்துக்கிட்டு வருது சார்."

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சார்ஜ் ஒப்படைக்காமல் போனால் என்னென்ன சிக்கல் வரும் என்று விளக்க ஆரம்பித்தார்.

பயிற்சிப் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எனக்குப் பரிசாகக் கொடுத்த அகராதி ஒன்று இருந்தது. ஆத்திரம் தாங்காமல் அன்று அதை எடுத்து, இந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை முகம் என்று பார்த்தேன். கட்டணம், குற்றச்சாட்டு, பாய்ந்து தாக்குதல், மின்சாரம் ஏற்றுதல், பொறுப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. கீழே பொடி எழுத்தில் இன்னொன்று: ஒருவருடைய பராமரிப்பில் விடப்பட்ட குழந்தை. அதற்கும் சார்ஜ்தானாம். அகராதியை மூடிப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அறுவடை முடிந்த பிறகு ஒருவழியாக ஆள் வந்தார். பென்சனுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்த வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். முந்தைய பள்ளியில் காணாமல்போன ஏதோ சாமானுக்காக மெமோ வாங்கியவர். ஸ்டாக் ரிஜிஸ்தரைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சு, மேசை, மணி, பூகோளப் படம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். 'மகாராஜா படம், கண்ணாடி போட்டது, ஒன்று.'

சமஸ்தானக் காலத்தில் பள்ளிக்கூடச் சுவரில் ராஜா படம் இருக்கும். சமஸ்தானம் போனதும் படத்தை இறக்கிவிட்டார்கள். ரிஜிஸ்தரிலிருந்து மட்டும் ராஜாவை யாரும் இறக்கவில்லை. அந்த வரியை அடிக்க மேலிடத்து உத்தரவு வேண்டும். உத்தரவு கேட்டு எழுதினால், படம் எங்கே என்று திருப்பிக் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு வாத்தியாரும் இல்லாத ராஜாவை அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். என் தலையிலும் அப்படித்தான் கட்டினார்கள்.

"ராஜ்ஜியமே போயிருச்சு சார். படம் இல்லாட்டி என்னங்க?" என்றேன்.

"ராஜ்ஜியம் போகலாம் டீச்சர். ரிஜிஸ்தர்ல இருக்குற சாமான் போகக்கூடாது. நான் பென்சன் வாங்கணும்ங்க."

கெஞ்சினேன், சண்டை போட்டேன். மனிதர் அசையவில்லை. ஊரில் வீடு வீடாகக் கேட்டேன். ராஜா படத்தை டீச்சர் எதற்குத் தேடுகிறார், மறுபடியும் ராஜா வரப்போகிறாரா என்று கேட்டார்கள். திரும்பி வந்து, கோபத்தில் பள்ளிக்கூடத்தை ஒட்டடை அடிக்க ஆரம்பித்தேன். சுவரில் இருந்த தேசத் தலைவரின் படத்தைக் கழற்றியபோது பின்பக்க அட்டை உப்பலாகத் தெரிந்தது. ஆணியைப் பெயர்த்துப் பார்த்தால், தலைவருக்குப் பின்னால் தலைப்பாகையும் பதக்கமுமாக ராஜா. எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு சிக்கனக்காரர், பழைய கண்ணாடிக்குள்ளேயே புதுப் படத்தைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

சந்தோஷத்தில் ஓடிப்போய் வாத்தியாரிடம் காட்டினேன். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்தரைப் பார்த்தார்.

"படம் ரெண்டும் சரிங்க. ரெண்டும் கண்ணாடி போட்டதுன்னு எழுதியிருக்கே. கண்ணாடி ஒண்ணுதான இருக்கு?"

அன்று அந்தக் கண்ணாடியை அவர் தலையிலேயே உடைத்திருப்பேன். உடைத்தால் அதற்கும் நான்தானே பதில் சொல்ல வேண்டும்.

ராஜாவைச் சுருட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். கீழராஜ வீதியில் படத்துக்குக் கண்ணாடி போடுகிறவர் கல்யாண வேலை குவிந்துகிடக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். ஆவூருக்குப் போக வேண்டிய சனிக்கிழமைகளில் நான் அந்தக் கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாக வேலை முடிந்து, ராஜாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். வாத்தியார் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ராஜாவை இனிச் சுவரில் மாட்ட முடியாதென்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

டிரங்குப் பெட்டியும் படுக்கையுமாக ஆவூரில் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை. நாத்தனார் காப்பி போட்டுக் கொடுத்தார். பாத்திரம் கழுவும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ரசஞ்சோறுன்னா சாப்புடும். பருப்பு போட்டா துப்பிரும். தூங்குறப்ப காத தடவிக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி முழிச்சுக்கிரும்." இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன். பெற்றவள் நான், பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் பூசை முடிந்தது, சாப்பாடு முடிந்தது. சாயங்காலம் நான் முற்றத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு மகளும் அப்படியே கூப்பிடுவாள். அவள் என் பையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"டீச்சர், பஸ்ஸு வந்துரும். கெளம்புங்க."

இனிமேல் நான் போகமாட்டேன், இங்கேயேதான் இருப்பேன் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்படி வாசலில் நின்றிருந்த நாத்தனாரிடம் ஓடி, அவர் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீ போறியா அத்தை?"

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.