மூன்றாம் தட்டில் நாலாவது பாட்டில்

என் அம்மா ஆறு மாதம் ஒரு கல்லூரியின் வேதியியல் லேப்பை ஆண்டாள். வேலை பார்த்தாள் என்று எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். அதற்கு முன் நாலு வருடம் அதே கல்லூரியில் வராந்தா பெருக்கியவள் அவள்.

மயிலாப்பூரில் இருந்த பெண்கள் கல்லூரி அது. லேப் அட்டெண்டராக இருந்த பெரியவர் ஓய்வுபெற்றதும், துறைத் தலைவியாக இருந்த மேடம் அம்மாவைக் கூப்பிட்டு, இங்கிலீஷ் எழுத்துப் படிக்க வருமா என்று கேட்டிருக்கிறார். வரும் என்று அம்மா சட்டென்று சொல்லியிருக்கிறாள். ஆறு மாதம் பார்ப்போம், மார்ச் மாதப் பரீட்சை ஒழுங்காக நடந்து முடிந்தால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. மறுநாளே அம்மாவின் புடவைக்கு மேல் ஒரு நீலக் கோட்டு ஏறியது.

அவள் சொன்னதில் எனக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சாயங்காலம் என் நோட்டை வாங்கி, வரிக்கு வரி விரலை ஓட்டி, "எழுத்தெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிக்கினு கீது பாரு" என்று குற்றம் கண்டுபிடிக்கிறவளுக்குப் படிக்கத் தெரியாது என்று எந்தப் பிள்ளை நினைக்கும்?

அந்த மார்ச் மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பிளஸ் டூ பரீட்சைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏழாம் வகுப்பில் இருந்த எங்களுக்கு மத்தியானம்தான் வகுப்பு. அப்பா விடிவதற்கு முன்பே கடற்கரைக்கு ஐஸ் பெட்டி ஏற்றப் போய்விடுவார். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். சாந்தோமில் எங்கள் குப்பத்திலிருந்து கல்லூரிக்கு இருபது நிமிட நடை.

ஏழரை மணிக் கல்லூரியைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வாட்ச்மேன் பக்கவாட்டுக் கேட்டைப் பாதிதான் திறப்பார். நாங்கள் ஒருக்களித்து நுழைய வேண்டும். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு சைக்கிள் நிற்கும். மரத்தடியில் யாரோ விட்டுப்போன டிபன் பாக்ஸைக் காக்கைகள் உருட்டிக்கொண்டிருக்கும். லேப் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பூட்டைத் திறப்பாள். உள்ளே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். எனக்குக் குமட்டும்; அவளுக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். மேசைகளைத் துடைத்து, டெஸ்ட் டியூப்களைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு பர்னரையும் ஒருமுறை பற்ற வைத்து அணைப்பாள். அப்படி நிமிர்ந்து நின்ற அம்மாவை நான் வீட்டில் பார்த்ததில்லை.

செய்முறைப் பரீட்சை அன்று வெளிக் கல்லூரியிலிருந்து பரீட்சை அதிகாரி வருவதாக இருந்தது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. அம்மா இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு விடுதிப் பக்கத்துத் தொட்டிக்குப் போனாள். நான் பாட்டில்கள் இருக்கும் உள்ளறையில் தனியாக இருந்தேன்.

நாலு தட்டு அலமாரி. தட்டுக்கு எட்டு பாட்டில். பெரும்பாலானவற்றில் தண்ணீர் போன்ற ஏதோ ஒன்று. வெளியே இங்கிலீஷில் பெயர். அந்தப் பெயர்கள் கன்னாபின்னாவென்று கலந்து கிடந்தன. பி-க்குப் பக்கத்தில் எஸ், அதற்கடுத்து ஏ. வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல். எனக்குப் பொறுக்குமா? ஸ்டூலைப் போட்டு ஏறி, எல்லாவற்றையும் ஏ, பி, சி வரிசையில் அடுக்கினேன். என் பாவாடையாலேயே ஒவ்வொன்றையும் துடைத்தும் வைத்தேன்.

அம்மா வந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கையை நீட்டி மூன்றாம் தட்டில் நாலாவது பாட்டிலை எடுத்தாள். கனத்தில் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். பாட்டிலைப் பார்த்தாள், பிறகு அலமாரியைப் பார்த்தாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"ஏபிசிடி வரிசையா அடுக்கினேம்மா" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவள் அடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ இன்னா லட்சணத்துல படிக்கிறேன்னு பாக்கலாம். நான் கேக்கறத எடுத்துக் குடு" என்றாள்.

மேசைகளில் வைக்கும் சின்ன பாட்டில்களை அவள்தான் தினமும் நிரப்புவாள். அவை டிரேயில் அவள் வைத்த வரிசையிலேயே இருந்தன. அவள் பெயர் சொல்லச் சொல்ல நான் பெரிய பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் லேபிளின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "சரி" என்றாள். ஏழெட்டு 'சரி'க்குப் பிறகு எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் பள்ளியில் படிக்காமலே டிக் அடிக்கும் டீச்சர் ஒருவர் உண்டு. அவரைச் சோதிக்க, கட்டுரையின் நடுவில் 'கத்தரிக்காய் சாம்பார்' என்று எழுதி வைப்போம். அதற்கும் டிக் விழும். அம்மாவிடம் அந்த வேலையைக் காட்டத் தோன்றியது. "பேரியம் குளோரேடு" என்று அவள் கேட்டபோது அமோனியம் குளோரைடு பாட்டிலை எடுத்து, லேபிள் நன்றாகத் தெரியும்படி நீட்டினேன்.

"இதாம்மா பேரியம்."

விரல் எழுத்துகளின் மேல் நிதானமாகப் போனது. "சரி, குடு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் ஊற்றி முடித்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் மணி அடித்து, மாணவிகள் ரெக்கார்டு நோட்டோடு வந்துவிட்டார்கள். அம்மா என்னை வராந்தாவுக்குத் துரத்தினாள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எல்லாம் தண்ணீர் மாதிரிதானே இருந்தது!

ஒரு மணி நேரத்தில் உள்ளே ஒரு பெண் விசும்பும் சத்தம் கேட்டது. பேரியம் குளோரைடு விட்டால் வெள்ளையாகப் படிய வேண்டிய ஒன்று படியவில்லையாம். அடுத்தடுத்து நாலைந்து பேர் அதையே சொன்னார்கள். மேடம் விறுவிறுவென்று உள்ளறைக்கு வந்தார். நான் வராந்தா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பாட்டிலிலிருந்து தானே எடுத்து விட்டுப் பார்த்தார், படிந்தது. அம்மாவை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"இது என்னன்னு படி."

அம்மா பாட்டிலைப் பார்க்கவில்லை, அது இருந்த இடத்தைப் பார்த்தாள். அந்த இடம் இப்போது அவளுக்கு எதையும் சொல்லவில்லை. எனக்கு லேபிள் தெளிவாகத் தெரிந்தது. சொல்லித்தர வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையாட்டினாள்.

"தெர்ல மேடம்" என்றாள். "என் தப்புதான். புள்ளைங்க மார்க்குல கை வெச்சிராதீங்க."

மாணவிகளுக்கு அரை மணி கூடுதலாகக் கொடுத்தார்கள். யாருக்கும் மார்க் குறையவில்லை. நான் எடுத்துக் கொடுத்ததை அம்மா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நீலக் கோட்டை நாலாக மடித்து மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை மறுபடியும் வராந்தா.

ஆனால் அன்று சாயங்காலமே என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த தெருவில் டியூஷன் எடுக்கும் டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"இங்கிலீஷ்ல ரொம்ப வீக்கா கீது டீச்சர். எழுத்து கூட்டவே தெர்ல. என்ன மாதிரி ஆயிடப் போவுது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்குத் தெரியும்! நான்தான் ஃபர்ஸ்ட்டு!" என்று கத்தினேன்.

அம்மா என் பக்கம் திரும்பிக் குனிந்தாள். "தெரிஞ்சிக்கினேவா மாத்திப் படிச்ச?" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லம்மா, தெர்ல" என்றேன்.

அம்மாவுக்கு மூச்சு வந்தது. என் தலையைத் தடவி, சரிந்திருந்த ரிப்பனை இழுத்துக் கட்டிவிட்டாள். அடியிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.