மாட்டுக்கு மட்டும் மூன்று வரி

எனக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ஆனால் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வேன், ஒரகடத்துத் தொழிற்சாலையில் லைன் வேலை பார்க்கும் பேத்தி ஷிஃப்ட் முடிந்து வந்து ஃபோனில் தட்டுவாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்குவதும் அவள்தான். அதனால் தப்பெல்லாம் அவளுடையது, நல்ல இடமெல்லாம் என்னுடையது.

எங்கள் சாமி மாடத்தில் பழைய தாள் ஒன்று உண்டு. நிலப் பத்திரம் என்று மாமியார் சொல்லியிருந்தார். நிலமெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகும் ஆயுத பூஜைக்கு அதற்கு மஞ்சள் குங்குமம் வைப்பேன். கரப்பான் கடித்த மூலையில் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பேன், பாவம் என்று.

போன வருஷம் பேத்தி அதைப் பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினாள். நிலமே இல்லையாம். எங்கள் வீட்டு முன்னோர் ஒருவர் ஒரு பசுவையும், ஒரு அடிமைப் பெண்ணையும், அவள் கைக்குழந்தையையும் வாங்கிய சீட்டாம். பசுவுக்கு நெற்றியில் வெள்ளை, இடது கொம்பு வளைசல், சாது என்று மூன்று வரி. அவளுக்கு, ‘பெண் ஒன்று’. பெயர் இல்லை. இத்தனை வருஷம் நான் கற்பூரம் காட்டியது இதற்குத்தான்.

அவள் கதையைச் சொல்லியே தீருவதென்று கிளம்பினேன். முதல் அத்தியாயத்திலேயே, வாங்கியவரின் மனைவி, எங்கள் வீட்டு அம்மாள், ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்கிறாள், புதுப்புடவை கொடுக்கிறாள், சோறு ஊட்டுகிறாள். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“இது சீட்டுல எங்க கீது, ஆயா?” என்றாள் பேத்தி.

“சீட்டு எழுதுனவன் பாக்கல. நான் பாத்தேன்.”

கம்பெனி கேன்டீனில் பதினைந்து வருஷமாக என்னோடு காய் நறுக்குகிறவள் ஒருத்தி. காலனிக்காரி. அவள் பாட்டன் பூட்டனெல்லாம் எங்கள் நிலத்தில் படியாள். அந்தக் கைக்குழந்தையின் வழியில் வந்தவளாகக்கூட இருக்கலாம். அவள் ஒப்புக்கொண்டால்தான் கதை, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று எண்ணி, நறுக்கிக்கொண்டே சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அக்கா, உங்க பூட்டி எங்க பூட்டிக்கு சோறு ஊட்னாளா? நீ எங்க வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிகீறியா?”

“தாகம் எடுக்கலடி.”

“பதினஞ்சு வருசமாவா?”

அன்றைக்கு நறுக்கியது வெங்காயமாகவாவது இருந்திருக்கலாம். பூசணிக்காய். கண்ணுக்குச் சாக்குச் சொல்லக்கூட வழியில்லை.

வீட்டுக்கு வந்து பேத்தியை அழிக்கச் சொன்னேன். கட்டிக்கொண்டது போயிற்று, புடவை போயிற்று, சோறு போயிற்று. பசு மட்டும் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலனியில் அவள் வீட்டுக்குப் போனேன்.

“இன்னாக்கா, வழி தெரிஞ்சிதா?” என்று வாசலிலேயே கேட்டாள்.

தாகமே இல்லாமல் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். டீயும் குடித்தேன். சர்க்கரை கம்மி என்று குறையும் சொன்னேன். வாய் சும்மா இருக்குமா? பிறகு புது அத்தியாயத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டு அம்மாள் வெளியே வருகிறாள். முதலில் பசுவின் நெற்றியைத் தடவிப் பார்க்கிறாள். அப்புறம்தான் அந்தப் பெண் பக்கம் திரும்புகிறாள்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. “இப்ப சரி. மேல சொல்லு.”

“அவளுக்கு ஒரு பேரு வேணும்டி. நல்லதா ஒண்ணு யோசிச்சிகினு கீறேன்.”

“அவளுக்கு நான் வெக்கிறேன். நீ மாட்டுக்கு வெய்யி.”

மாட்டுக்கு மூன்று பெயர் யோசித்துவிட்டேன். அவள் இன்னும் சொல்லவில்லை. தினமும் காய் நறுக்கும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.