ஒரே வாங்கில் மூன்று பிரதிகள்

பத்மாதேவிக்கு எதையும் ஒன்றே ஒன்றாக வைத்திருக்கத் தெரியாது. பிறப்புச் சான்றிதழின் பிரதி வவுனியாவில் மாமியிடம், கொழும்பில் சித்தப்பாவிடம், பிறகு கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், நாங்கள் வாடகைக்கு இருந்த போடிங்கில் அகப்பட்ட எல்லாரிடமும். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஊரைவிட்டு வீதிக்கு இறங்கியபோது, சான்றிதழ்கள் இருந்த பெட்டியைத் தொலைத்தவள், பாவம். ஆனாலும் என் அலுமாரியில் என் சட்டைகளுக்கே இடமில்லாமல் போனபோது நான் நன்றாகவே முணுமுணுத்தேன்.

நான் திரேசா, கந்தோரில் எழுதுவினைஞர். பத்மா பேராதனை வளாகத்தில் கணினி விரிவுரையாளர். எங்களோடு சிவமணி ரீச்சரும் இருந்தார். மூவரும் யாழ்ப்பாணம், வீட்டுக்கார ரத்தினம்மா கண்டியிலேயே பிறந்தவர்.

தொண்ணூற்றேழில் வளாகத்தில் ஒரு மகாநாடு. பழுது வந்தாலும் நின்றுவிடாத கணினிகளைப் பற்றியது. இந்தச் சண்டைக்குள்ளும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று பத்மாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஆஸ்பத்திரிகளின் இரத்த வங்கிக் குளிர்ப்பெட்டியைக் காவல் காக்க அவளிடம் மூன்று கணினிகள் இருந்தன. பெட்டி சூடாகிறதா என்று மூன்றும் தனித்தனியே சொல்லும். இரண்டு ஒத்துச் சொல்வதே முடிவு. சூடு என்றால் மணி அடிக்கும்.

ஒரு புரோகிராமைப் பத்மா எழுதினாள். மற்ற இரண்டையும் அவளோடு படிப்பிக்கும் சிங்களப் பெண் சந்திரிகாவும் அலவத்துகொட றவூப்பும் எழுதினார்கள். ஒருவரின் பிழை மற்றவருக்குத் தொற்றக்கூடாது என்பதால் அதைப் பற்றி மூவரும் வாய் திறக்கக்கூடாது, மகாநாட்டு நாள்வரை டிஸ்க்கை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட சட்டம். பகல் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறவர்கள், இதில் மட்டும் ஊமைகள்.

வன்னியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், குளிர்ப்பெட்டி நின்றது ஒருவருக்கும் தெரியாமல் இரத்தம் கெட்டுப்போய், பத்மாவின் மச்சாள் பிள்ளைப்பேற்றில் இறந்திருந்தாள். இரத்த வங்கி டொக்டர் ஒருவர் மகாநாட்டுக்கு வருகிறார், அவருக்குப் பிடித்தால் கருவி ஆஸ்பத்திரிக்குப் போகும். பத்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மகாநாட்டுக்கு முதல்நாள் தன் டிஸ்க்கில் மூன்று பிரதி எடுத்து எனக்கொன்றும் ரீச்சருக்கொன்றும் தந்தாள்.

"மூண்டு பேரும் வேற வேற பஸ்ஸிலை வருவம். ஒண்டு பிசகினாலும் மற்றது வந்து சேரும்," என்றாள்.

"என்ரை கைப்பையையும் விட்டுவைக்க மாட்டாய் என்ன," என்றேன்.

மகாநாட்டன்று விடியும்போது பொலிசின் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தால் பிடித்துப்போகப் போதாதா? வேறு வேறு பஸ்ஸில் போகவேண்டிய மூன்று பிரதிகளும் ஒரே ஜீப்பில் பொலிசுக்குப் போயின. அங்கே நீள மர வாங்கில் எங்களை வரிசையாக இருத்தினார்கள். மூன்று மடியில் மூன்று கைப்பை. எனக்குப் பயமும் வந்தது, பத்மாமேல் எரிச்சல் பற்றிக்கொண்டும் வந்தது.

"எங்கை பத்மா, உன்ரை மற்றப் பிரதி?" என்றேன்.

அவள் வாங்கின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புவரை பார்த்தாள்.

ரத்தினம்மா சும்மா இருக்கவில்லை. "நம்ம புள்ளைங்கள புடிச்சிட்டுப் போய்ட்டாங்க," என்று வளாகத்துக்கு போன் அடித்திருக்கிறார். வளாகத்தின் வான் வண்டியில் சந்திரிகாவும் றவூப்பும் வந்து இறங்கினார்கள். சந்திரிகா சிங்களத்தில் பேசிய வேகத்தில் பொலிஸ்காரருக்கு மறு பேச்சுப் பேச இடம் கிடைக்கவில்லை. எங்களை விட்டார்கள்.

"ரெண்டு மெசினப் போட்டுப் பாத்தம். ஒண்டு சூடுன்னு செல்லுது, மத்தது இல்லன்னு செல்லுது. தீர்த்து வெக்க ஆளில்ல, தங்கச்சி," என்றார் றவூப்.

வான் பேராதனைக்குப் பறந்தது. "பள்ளிக்கூடம் இண்டைக்கு நான் இல்லாமல் நடக்கட்டும்," என்று ரீச்சரும் இறங்க மறுத்துவிட்டார். ஓடும் வானில் நான் பத்மாவுக்குத் தலை பின்னினேன்.

மண்டபத்தில் அவளுடைய முறை தாண்டியிருந்தது, ஆனாலும் கடைசியில் இடம் கொடுத்தார்கள். வெந்நீர்ப் போத்தலைக் கருவியில் வைத்தாள். றவூப்பின் கணினி ஒன்றுமில்லை என்றது. சந்திரிகாவினது சூடு என்றது. எல்லாரும் பத்மாவின் திரையைப் பார்த்தோம்.

மணி அடித்தது. டொக்டர் கதிரையை விட்டு எழுந்தே விட்டார். தோற்ற றவூப்தான் முதலில் கை தட்டினார், நான் உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: ஒரே காரணத்தால் மூன்றும் ஒன்றாக விழுந்தால்?

பத்மா ஆங்கிலத்தில், எனக்கே விளங்கும்படி சொன்னாள். "இன்று காலை விழுந்தன. மூன்று பிரதி எடுத்தேன், மூன்றையும் ஒரே ஊர்க்காரரிடம் கொடுத்தேன். ஒரு ஜீப் போதுமாக இருந்தது. இதற்குப் பதில் என் கணினியில் இல்லை."

டொக்டர் கருவியை அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார்.

தேநீர் வேளையிலேயே பத்மா பையைத் திறந்தாள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்று சந்திரிகாவுக்கு. இன்னொன்று றவூப்பின் மனைவி கைரியாவின் அலுமாரிக்கு. சந்திரிகா அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சந்திரிகா எங்கள் போடிங்குக்கு வந்தாள். கையில் தன்னுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதியும் ஒரு இளைஞனின் படமும் இருந்தன. சிங்கள இளைஞர்களைத் தேடித் தேடிப் பிடித்த எண்பத்தொன்பதில் தன் வீட்டுக்கும் ஒரு ஜீப் வந்தது, அண்ணாவைக் கொண்டுபோனது, அவனுடைய படம் இது ஒன்றுதான் மிச்சம், அதைப் பிரதி எடுத்திருப்பதாகச் சொன்னாள். இரண்டையும் பத்மாவின் ஆட்களிடம் வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள்.

நான் அலுமாரியைத் திறந்து என் சட்டைகளை ஒதுக்கினேன்.