ஐந்நூற்றுக்கு மேல் நான்கு

இங்கிலாந்தின் லவுத் ஊரில் கிளாரென்ஸ் ஓட்லிங் அளவுக்குச் சந்தேகப்பட்ட மனிதன் வேறு எவனும் கிடையாது. பால் வண்டிக்காரரின் மகன். உலகச் சண்டை முடிந்து வந்தவன் சந்தைத் தெருவில் பெட்ரோல் பங்கும் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பும் வைத்தான். நாற்பத்தெட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் குட்டிப் பந்தயக் காரின் முதுகில் பூட்டிக்கொண்டு, கைவிடப்பட்ட விமானத்தளங்களில் ஓட்டக் கிளம்பினான். ஏழு வருடம், நாற்பத்து மூன்று பந்தயம். ஒன்றிலாவது ஜெயித்தானா என்றால், அதுதான் இல்லை!

தோற்றதற்கெல்லாம் அவனிடம் காரணம் இருந்தது. கொடி காட்டியவன் காசு வாங்கிவிட்டான். நேரம் குறித்தவனுக்குக் கண் அவிந்துவிட்டது. பந்தய இடத்தில் யார் தேநீர் கொடுத்தாலும் தொடமாட்டான். மனைவி ஈனிட் போட்டுத் தந்த பிளாஸ்கையே மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். கட்டிக்கொண்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஈனிட்டின் அண்ணன் வில்ஃப் டானட்தான் மெக்கானிக். தங்கமான கைக்காரன். அவன் மேலும் சந்தேகம் வந்தது. ஐம்பத்து நான்கின் குளிர்காலத்தில் கிளாரென்ஸ் எஞ்சினைத் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"ஏன் மாப்ள, நான் என்ன உன் எஞ்சினைக் கடிச்சா தின்னுடுவேன்?" என்று வில்ஃப் கேட்டான்.

"நீ திங்கமாட்டே மச்சான். சாராயக்கடையில உளறுவே."

அடுத்த ஆகஸ்டில் கிளாரென்ஸின் கார் பறந்தது. அப்படியும் ஆப்ரி கார்மைக்கேல் என்ற லண்டன்காரன் அரை அடி முன்னால் கோட்டைத் தாண்டிவிட்டான். கிளாரென்ஸுக்குப் பொறுக்கவில்லை. ஐந்நூறு சி.சி.க்கு மேல் ஒரு பொட்டும் கூடாது என்பது அந்தப் பந்தயத்தின் சட்டம். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நேரே நடுவர் மேஜர் ட்ரீவிடம் போய் நின்றான்.

"அவன் எஞ்சின் பெருசு சார். பிரிச்சுப் பாருங்க!"

பிரித்தார்கள். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. கார்மைக்கேல் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான்.

"இப்போ அவரோடதையும் பிரிங்களேன்."

"தாராளமா!" என்றான் கிளாரென்ஸ். வில்ஃபே ஸ்பேனரை எடுத்துப் பிரித்தான். ஐந்நூற்று நான்கு.

அளவுகோல் பொய் என்று கத்தி, தன் பெட்டியிலிருந்த சொந்த அளவுகோலை எடுத்து வந்தான் கிளாரென்ஸ். அதுவும் ஐந்நூற்று நான்கு என்றது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

குளிர்காலத்தில் சிலிண்டர் தேய்ந்திருந்தது. கொட்டகைக்குள் தனியாக உட்கார்ந்து, வாடிக்கையாளர்களின் மோட்டார் சைக்கிளுக்குத் தினம் செய்கிறபடியே இதற்கும் செய்தான். சிலிண்டரை உள்ளே கொஞ்சம் கடைந்து போர் பண்ணி, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டான். ரோட்டு வண்டிக்கு அது சரி. பந்தய வண்டி அதிலேயே சட்டத்தைத் தாண்டிவிடும். உள்ளே இரும்பு உறை செருகி, பழைய அளவுக்கே ஸ்லீவ் அடிக்க வேண்டும் என்று வில்ஃப் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பான். அவனைத்தான் உள்ளே விடவில்லையே!

மேஜர் தொண்டையைச் செருமினார். "மெக்கானிக் உங்களுக்குத் தெரியாம பண்ணதுன்னா இன்னிக்கு எடம் மட்டும் போகும். நீங்களே பண்ணதுன்னா பந்தய லைசென்ஸே போயிடும். யார் பண்ணது?"

எல்லார் கண்ணும் வில்ஃப் மேல் போனது. வில்ஃப் கையைத் துடைத்துக்கொண்டே தங்கை புருஷனைப் பார்த்தான். தன் தலையில்தான் விடியப்போகிறது என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"நான்தான் பண்ணேன்," என்றான் கிளாரென்ஸ். "அவன் அந்தப் பக்கமே வரலை. நான் வர விடலை."

"தெரிஞ்சேவா?"

"சத்தியமா தெரியாது சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சொந்த எஞ்சினோட அளவு தெரியாதாம், என்னோடது மட்டும் தெரியுமாம்!" என்றான் கார்மைக்கேல்.

லைசென்ஸ் அன்றோடு போனது. திரும்பி வரும்போது லாரியில் வில்ஃப் தன் பிளாஸ்கிலிருந்து ஊற்றி நீட்டினான். கிளாரென்ஸ் வாங்கி மடமடவென்று குடித்தான்.

"மோந்து பாக்கலையே மாப்ள?" என்றான் வில்ஃப்.

சமாச்சாரம் அவர்களுக்கு முன்பே லவுத் வந்து சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை காலை, பத்து வருடமாக அங்கேயே பெட்ரோல் போடும் ரொட்டிக்கடைக்காரர் இரண்டு கேலன் கேட்டார். கிளாரென்ஸ் போட்டான். அவர் வண்டியை விட்டு இறங்கி வந்து, அவன் தோளுக்கு மேலாக மீட்டரை எட்டிப் பார்த்தார்.

கிளாரென்ஸ், அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஓரமாக நகர்ந்து நின்றான்.