ஏரியலுக்குப் பொருத்தம் பார்த்தவள்

போன் திருத்துகிறவர்களிடம் உடைந்த சாமான்களைவிட உடையாத சாமான்கள்தான் அதிகம் வரும். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா சிக்னல் எடுக்குதில்ல" என்று மேசையில் வைத்துவிட்டு நம் முகத்தையே பார்ப்பார்கள். ஒரு கோடு சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று பேசியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. போனோ ரேடியோவோ, செட்டும் அதன் ஏரியலும், அதாவது ஆன்டெனாவும், ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் செட் அனுப்புகிற சக்தியில் ஒரு பங்கு வெளியே போகாமல் செட்டுக்கே திரும்பி வந்துவிடும். அந்தப் பொருத்தத்தைச் சரிசெய்வதுதான் இலங்கை மலைநாட்டில், பதுளை பஸாரில் ஒரு கடையில் பதினைந்து வருடம் நான் பார்த்த வேலை.

சைக்கிள் கம்பி

தொண்ணூறுகளில் கம்பியில்லாத வீட்டு போன் வைத்திருப்பது பெரிய கௌரவம். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, கடையிலிருந்து பின்னால் இருக்கிற குடோன்வரை போன் எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, ஏரியலின் நுனியில் ஒரு சைக்கிள் கம்பியை வைத்துப் பற்றவைத்துவிட்டார். அதுவரை வாசல்வரை எடுத்த போன், பிறகு மேசையைத் தாண்டவில்லை. அவர் விடவில்லை. இன்னொரு கம்பியையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

ஒவ்வொரு அலைக்கும் ஏரியலுக்கு ஒரு கணக்கான நீளம் உண்டு என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு கம்பியையும் வெட்டி எடுத்து, அடியில் இருந்த சின்னச் சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்தேன். போனின் அடிப்பெட்டியை எங்கள் கடை லைனில் மாட்டியதும், போனைக் காதில் வைத்தபடி அவர் கடையை விட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிரில் இருந்த பழக்கடைவரை போனார். அங்கே நின்றே சத்தமாகக் கேட்டார்: "என்ன தங்கச்சி, நான் நீட்ட நீட்டச் சுருங்கிச்சு, நீங்க வெட்ட வெட்ட வளருதே!"

பெட்டிக்குள் பல்லி

தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் மருந்து கொடுக்கிற ஒரு வேனில் ரேடியோ செட் இருந்தது. பல அலைவரிசைகளில் பேசலாம், ஆனால் ஏரியல் ஒன்றுதான். அலைவரிசை மாறும்போதெல்லாம் அந்த ஒரே ஏரியலைப் பொருத்தமாக்க, நடுவில் ஒரு தானியங்கிப் பெட்டி. அந்த வேனின் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சாந்தமான மனிதர். ஒருநாள் அந்தப் பெட்டியைத் தனியாகக் கழற்றிக் கையில் கொண்டுவந்தார்.

"பிள்ளை, உதுக்குள்ள பல்லி இருக்குது. நான் கதைக்க வெளிக்கிட்டாலே டக்கு டக்கெண்டு சொல்லுது. ட்ரைவர் பயந்துபோய்க் கழட்டிப்போட்டான். இப்ப நமுனுகுல மலைப் பக்கம் போனா ஒருத்தருக்கும் எங்கட சத்தம் கேக்குதில்லை. போன கிழமை ஒரு பாம்புக்கடி. தகவல் சொல்ல ஏலாமல் வேனிலேயே ஏத்திக்கொண்டு ஓடினம். நல்லகாலம், தப்பிட்டார்."

பெட்டியைத் திறந்து காட்டினேன். பல்லி இல்லை. விரல்நகம் அளவு சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. நாம் பேசத் தொடங்கியதும் எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று அந்தப் பெட்டியே அளந்து பார்க்கும். பிறகு ஒரு சுருளைச் சேர்க்கும், ஒன்றை விலக்கும், திரும்பி வருவது குறைந்ததும் ஓய்ந்துவிடும். அந்தத் தேடலின் சத்தம்தான் டக்கு டக்கு. வேனில் மறுபடி பூட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து நமுனுகுலவிலிருந்து பதுளைக்குத் தெளிவாகப் பேசிவிட்டு, வழியில் கடைக்கு வந்து சொன்னார்: "இனிப் பல்லி சொல்லாட்டித்தான் எனக்குப் பயம், பிள்ளை."

பிடித்த பிடி

பெரியசாமி அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றுகிறவர். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன மகள் அனுப்பிய போன் அவரிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் கூப்பிடுவாள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அறுந்துவிடும். "கோவமா வெச்சிர்றாம்மா. அவளை அனுப்பினதே நான்தானே" என்றார். போனைத் திருத்துவதைவிட, கோபம் இருக்கிறதா என்று கேட்கத்தான் அவர் வந்த மாதிரி இருந்தது.

கடை போனிலிருந்து அவர் போனுக்குக் கூப்பிட்டேன். மேசையில் கிடந்தபோது நாலு கோடு. அவர் எடுத்துக் காதில் வைத்ததும் ஒன்று, பிறகு அதுவும் இல்லை. கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு உள்ளங்கையாலும் போனின் முதுகை முழுக்க மூடிப் பிடித்திருந்தார். ஏரியல் அங்கேதான், உள்ளே ஒளிந்திருந்தது. கை பட்டதும் அதன் பொருத்தம் கெட்டுவிடும். கைக்கு ஏற்பத் தன்னையே மாற்றிக்கொள்கிற போன்கள் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை, நாம்தான் கையை மாற்றவேண்டும். அடிப்பக்கத்தை விரலால் பிடிக்கப் பழக்கி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். "முக்கா மணித்தியாலம் பேசினாம்மா! இத்தன நாளா நாந்தான் அவ பேச்ச அமுக்கிப் பிடிச்சிருக்கேன், அவ வெக்கல!"

கூரைமேல்

ஒரு தோட்டத்து மருந்தகத்தில், மேசையில் வைக்கிற கம்பியில்லாப் போன் ஒன்று கொடுத்திருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் வரவில்லை என்று யாரோ அதில் டிவி ஏரியலை இழுத்து மாட்டிவிட்டார்கள். அது வேறு அலைக்குச் செய்த ஏரியல், இருந்த கொஞ்சமும் போய்விட்டது. மிட்வைஃப் சரோஜா அக்கா ஆள் அனுப்பியதும், பஸ் ஏறி, இறங்கி, மூன்று மைல் நடந்து போனேன்.

கூரைமேல் சரியான ஏரியலை மூங்கில் கழியில் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மலையிலிருந்து நாலு பேர் ஒரு பெண்ணைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மாதம் நிறையவில்லை, இரத்தம் போய்க்கொண்டிருந்தது. "தங்கச்சி, போன் எடுக்குமா எடுக்காதா?" என்று கீழிருந்து அக்கா கத்தினார். வயரைப் பூட்டி, ஏரியலைப் பதுளைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். உள்ளே ஒருவர் கோடுகளை எண்ணிச் சொன்னார். மூன்று என்றதும் அப்படியே இறுக்கிக் கட்டினேன். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன் போய்ச் சேர்ந்தது. அம்பியுலன்ஸ் பாதி வழி வந்தது, மீதிப் பாதிக்குத் தோட்டத்து லொறி போனது.

மறுநாள் காலை கடையில் போன் அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் சரோஜா அக்கா: "சத்தம் தெளிவாக் கேக்குதா? அப்ப கேட்டுக்க. பொண்ணு பொறந்திருக்கு, தாயும் சொகமா இருக்கா."

சிக்னலை மறைக்கிற மலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று மட்டும் இதுவரை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை என்பதே, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.