குறையை முதலில் காட்டியவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடம் தள்ளிப்போட்டேன். காமாட்சி அம்மன் சன்னதியில் நிற்கும்போதெல்லாம் அவர் முகம்தான் வருகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பல வருடம் ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த நான், விற்பனையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறினேன். முதல் வகுப்பு எங்கள் காஞ்சிபுரத்திலேயே ஒரு பெரிய பட்டுக்கடையில். அங்கே ஒல்லியாக ஒரு மூத்த விற்பனையாளர் இருந்தார். நெற்றி நிறைய விபூதி. கல்யாணப் பெண் ஒருத்தி எதிரே இருப்பதாக நினைத்து ஒரு புடவையை விற்றுக் காட்டச் சொன்னேன். அவர் முந்தானையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இங்க ஒரு இழை விட்டுப்போயிருக்குதும்மா, பாத்துக்கோ" என்றார்.

"குறையைச் சொல்லியாண்ணே விப்பீங்க? அப்ப கடையை மூடிட வேண்டியதுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மணையில உக்காந்தப்புறம் யாராவது காட்டினா அந்தப் பொண்ணு முகம் வாடிப்போயிடும் சார். நாமளே சொல்லிட்டா தேவல."

முதலாளியிடம் பெயர் வாங்கும் ஆசை எனக்கு. 'இவர் வாடிக்கையாளரிடம் பேச லாயக்கில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் போனபோது, அவர் கடை வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று என் செருப்பைக் கையில் வாங்கினார். வகுப்பு முடிந்து நான் திரும்பி வந்ததும் அதை எடுத்து, வாரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க பிஞ்சிக்கினு இருக்குது சார். படியில பாத்து எறங்குங்க."

 தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். நான் மன்னிப்புக் கேட்டதாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.