வலிக்கிறவளைக் கேட்டவர்

என் பழைய டபுள் கெப் பிக்கப் வண்டியில் ஆட்டோ கியர் மாறும்போதெல்லாம் ஓர் உதை விழும். முதுகில் ஆபரேஷன் செய்திருந்த என் மனைவி, பதுளை ஆஸ்பத்திரி போய்ச்சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள்.

பதுளையில்தான் ஒரு கராஜ்காரரைச் சந்தித்தேன். ஒல்லியான, சிரிக்காத மனிதர். வண்டி ஓடும்போது கண்ணை மூடிக் கேட்பார். கியர் எண்ணெயை மாற்றினார், கேபிளைச் சரிசெய்தார். உதை நிற்கவில்லை.

"கியர்பாக்ஸையே மாத்திடலாங்களா?" என்றேன்.

"அது நல்லாத்தான் இருக்குங்க. வேற எங்கயோ கோளாறு. பார்க்காம விடமாட்டேன்."

மறுநாள், எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பைக் கண்டுபிடித்து மாற்றினார். சரியாகிவிட்டதா என்று பார்க்க நான் ஓட்ட, வண்டி தெமோதரை மேட்டில் ஏறியபோது, பக்கத்திலிருந்த அவர் பின்சீட்டிலிருந்த என் மனைவியிடம் திரும்பி, "வலிக்குதாக்கா?" என்றார்.

"இல்லங்க. கியர் மாறிருச்சா?" என்றாள் அவள்.

அதுவரை வண்டியைப் பழுதுபார்த்தவர்கள் எல்லோரும், உதை நின்றதா என்று என்னைத்தான் கேட்டார்கள். அவருக்கு மட்டும் அவளைக் கேட்கத் தோன்றியது எப்படி என்று இன்னமும் யோசிக்கிறேன்.